அடித்ததாகச் சொல்லப்பட்ட மணி

பெரியம்மா ரிசீவரை எடுத்து என் காதை நோக்கி நீட்டிய அந்தக் காலைப்பொழுதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வீட்டுச் சங்கதி எதுவானாலும், நோயாளியின் நிலையை மருத்துவரிடம் சொல்லும் தோரணையில்தான் சொல்லுவார். "கேட்டுப் பாரு. நாடி இல்ல," என்றார். குனிந்து கேட்டேன். பழுதடைந்த இணைப்புகளில் வழக்கமாகக் கேட்கும் கரகரப்புகூட அதில் இல்லை. மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டும் இயந்திரம் முந்தைய நாள் முழுவதும் பெரியம்மாவின் தெருவில் உறுமிக்கொண்டிருந்தது. கேபிள் அறுந்திருக்கும் என்று ஊகிக்கப் பொறியியல் அறிவு எதுவும் தேவைப்படவில்லை. "அறுந்துச்சுன்னா வந்து ஒட்டிடுவாங்க. இதென்ன பெரிய ஆபரேஷனா?" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அடுப்படிக்குப் போனார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்மீதல்ல. அத்தனை எளிய ஒரு நம்பிக்கையைப் பொய்யாக்க இத்தனை பேர் சேர்ந்து உழைத்தார்களே என்பதன்மீது.

எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும் காலத்தில் ஒரு கம்பி இணைப்புக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று பின்னர் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே பதில் பெரியப்பா.

அவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் பணியில் இருந்தவர். அஸ்தினாபுரம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று எங்கள் பக்கத்துத் தெருக்கள் ஏரிக்கரைகளாகவும் வயல் வரப்புகளாகவும் இருந்த நாளிலிருந்து, அவை அடுக்குமாடிகளாக மாறிய காலம்வரை, அவற்றைக் காலால் அளந்தவர். ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் அவருக்கு மறதி நோய் தொடங்கியது. முதலில் பொருட்களின் பெயர்கள் போயின, பிறகு மனிதர்களின் பெயர்கள். என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்க எந்த செக்‌ஷன்?" என்று கேட்கத் தொடங்கினார். பெரியம்மாவைச் சில நாட்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாட்களில் "சிஸ்டர்" என்பார். ஆனால் கால்கள் எதையும் மறக்கவில்லை. காலை உணவு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்த வீட்டு வாசலிலாவது நின்று, மீட்டர் பெட்டியைக் கண்களைச் சுருக்கிப் பார்த்து, தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். திரும்பி வரும் வழி மட்டும் அவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் அவர் மறக்கவில்லை. அது அந்த வீட்டுத் தொலைபேசி எண். அதற்கொரு காரணம் உண்டு. அந்தத் தெருவுக்கு முதன்முதலில் தொலைபேசி வந்தது அவர்கள் வீட்டுக்குத்தான். சொந்தமாக இணைப்பு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து அதனருகே 'பி.பி.' என்று எழுதும் வழக்கம் அந்நாளில் இருந்தது. தெருவின் வேலை விண்ணப்பங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த சீட்டுகள் எல்லாவற்றிலும் பெரியப்பாவின் எண்தான் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அதை இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தலையாட்டலுடன், ஏறக்குறைய ராகம் போட்டுச் சொல்லுவார். அழைப்பு வந்தால் வாசலுக்கு ஓடி, "துபாய் கால்! துபாய் கால்! குளிச்சுட்டு இருந்தாலும் அப்படியே ஓடி வா!" என்று தெரு அதிரக் கத்துவார். வாழ்நாளில் மனைவியின் பெயரைச் சொன்னதைவிட அந்த எண்ணைச் சொன்னது அதிகமாக இருக்கும் என்று பெரியம்மா கேலி செய்ததுண்டு. ஆகவே நினைவு ஒவ்வொரு அறையாக விளக்கணைத்துக்கொண்டே போனபோது, அந்த எண் மட்டும் அணையாமல் நின்றது.

அதை நம்பித்தான் பெரியம்மா அவரை நடக்கவிட்டார். யாருடைய காம்பவுண்டிலாவது நிற்கும் முதியவரை யாராவது கேட்பார்கள். அவர் ராகத்தோடு எண்ணைச் சொல்லுவார். கேட்டவர் அழைப்பார். குரோம்பேட்டையிலிருந்து ஒரு தேநீர்க் கடைக்காரர், பல்லாவரத்திலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர், சேலையூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி என்று எத்தனையோ குரல்கள். "அம்மா, பெரியவர் ஒருத்தர் இங்க கீறாரு. இந்த நம்பர்தான் சொல்றாரு. உங்க வூட்டு ஆளா?" பெரியம்மா நிதானமாக விலாசம் சொல்லுவார். பெரும்பாலும் அழைத்தவரே கொண்டுவந்து விடுவார். இல்லையென்றால் நான் என் ஸ்கூட்டரில் போய் அழைத்து வருவேன். பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

செல்பேசி எண்ணை எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாட்டினோம். "நான் என்ன எல்கேஜி பையனா?" என்று கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். சட்டைப்பைக்குள் தைத்தோம். பிரித்தெடுத்தார். கையில் வளையமாகப் போட்டோம். கடித்து அறுத்தார். தன் உடல்மீது பிறர் எழுதுவதை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை. தன் வாயால் தன் எண்ணைச் சொல்லுவதில் மட்டும் அவருக்கு ஒரு கம்பீரம் இருந்தது. நோய் விட்டுவைத்த கடைசிக் கம்பீரம் அது. அதைப் பறிக்க நோய்க்கே மனம் வரவில்லை. ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு வந்தது.

முதல் புகாரை நான் பதிவு செய்தேன். பதிவு செய்யப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு நாளில், "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, மகிழ்ச்சியுடன் சேவையில்" என்று இன்னொரு குறுஞ்செய்தி வந்தது. ஓடிப்போய் ரிசீவரை எடுத்தால் அதே மௌனம். மீண்டும் புகார், மீண்டும் 'தீர்க்கப்பட்டது'. ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை, பள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை, ஒரு கம்பியைத் தொடவில்லை. ஆனால் எங்கள் துயரம் தீர்ந்துவிட்டதாக எங்கோ ஒரு கணினி திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டிருந்தது. தெருவில் இன்னும் சில வீடுகளின் இணைப்புகளும் போயிருந்தன. அவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுச் செல்பேசிக்கு மாறிவிட்டார்கள்.

இதற்கிடையில் பெரியம்மா வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்கினார். வேறு வழியில்லை. எண் செத்திருக்கும்போது அவரை வெளியே விடுவது, கிணற்றுக்குள் கயிறில்லாமல் வாளியை விடுவதற்குச் சமம். பெரியப்பாவுக்கு அது புரியவில்லை. காலை உணவு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டின் கம்பிகளைப் பிடித்தபடி நிற்பார். முதல் சில நாட்கள் பணிவாகக் கேட்டார்: "சிஸ்டர், என்னை எப்போ டிஸ்சார்ஜ் பண்ணுவீங்க?" பிறகு கம்பிகளை உலுக்கினார். பிறகு உலுக்குவதையும் விட்டுவிட்டு, தெருவில் போகிறவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லத் தொடங்கினார். தன் வீட்டுக்குள் நின்றுகொண்டே, தன்னை வீட்டில் சேர்க்கச் சொல்லி, ஜோடி ஜோடியாக, தலையாட்டலுடன். சமூகப்பணி படித்தவள் நான். காவலும் கவனிப்பும் ஒன்றல்ல என்று பிறருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தக் கேட்டின் முன்னால் நின்றபோது, ஒரு கம்பி அறுந்தால் ஒரு மனிதர் எப்படிக் கைதியாகிறார் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை என்று தோன்றியது.

மேற்குத் தாம்பரத்தில் இருந்த அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கு நேரில் போனேன். குளிரூட்டப்பட்ட அறையில் சுவர் முழுவதும் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். கவுண்டரில் இருந்த இளம்பெண் பொறுமையானவர். அதை நான் மறைக்கப்போவதில்லை. கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், உங்க கம்ப்ளெயிண்ட் எல்லாமே அட்டெண்ட் பண்ணியாச்சு. நாங்க கால் பண்ணோம். ரிங் போச்சு, நீங்க எடுக்கல. கஸ்டமர் எடுக்கலன்னா சிஸ்டமே க்ளோஸ் பண்ணிடும்."

"எந்த நம்பருக்குக் கால் பண்ணீங்க?"

"கம்ப்ளெயிண்ட் பண்ண நம்பருக்குத்தான் மேடம்."

"அந்த நம்பர் வேலை செய்யலன்னுதானே கம்ப்ளெயிண்ட்டே?"

அவர் உதவும் எண்ணத்துடன் தன் மேசைத் தொலைபேசியில் அந்த எண்ணை அழைத்து, ரிசீவரை என் பக்கம் திருப்பினார். "பாருங்க மேடம், ரிங் போகுதே!" போயிற்று. தெளிவாக, சீராக, ஆரோக்கியமாக மணி அடிக்கும் ஓசை. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. உடனே என் செல்பேசியில் பெரியம்மாவின் செல்பேசியை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். "பெரியம்மா, லேண்ட்லைன் அடிக்குதா?"

"அதுக்குப் பக்கத்துலதான் வெங்காயம் உரிச்சுட்டு இருக்கேன். ஒரு சத்தமும் இல்ல. ஏன்?"

"இங்க ஆபீஸ்ல ரிங் போகுதாம்."

"அந்தப் பொண்ணு கேக்குதா? அம்மாடி, அங்க அடிக்குதுன்னா ரொம்ப சந்தோஷம். அந்தச் சத்தத்தக் கொஞ்சம் இந்தப் பக்கமும் அனுப்பி வையேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் சிரிப்பை அடக்கினார். ஆனால் ஒரு கையில் மணியோசையும் மறு கையில் மௌனமும் இருக்க நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் எங்கோ கேபிள் அறுந்திருந்தாலும் அழைப்பவரின் காதுக்கு மணி அடிப்பதுபோலவே கேட்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. அழைப்பவர் பழுதை அறிய வழியில்லை. வீட்டில் ஆளிருந்தும் எடுக்கவில்லை என்றுதான் நினைப்பார். குறுஞ்செய்தி அனுப்ப என் செல்பேசி எண் இவர்களிடம் இருக்கிறது. அதே எண்ணில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க மட்டும் இவர்களுடைய முறையில் இடமில்லை. செத்தவனையே கூப்பிட்டு, "செத்துவிட்டாயா?" என்று கேட்டு, பதில் வராததால் நலமாக இருக்கிறான் என்று எழுதும் முறை இது.

அழைப்புகளை என் செல்பேசிக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்டேன். அதற்கு எங்கள் தொலைபேசியிலிருந்தே ஒரு குறியீட்டை அழுத்த வேண்டுமாம். "பேசாம ஃபைபர் எடுத்துக்கோங்க மேடம். புது நம்பர், ஃப்ரீ இன்ஸ்டலேஷன்," என்றார். ஒலிபெருக்கியில் இன்னும் இருந்த பெரியம்மா கேட்டார்: "புது நம்பர நான் கத்துக்குவேன் கண்ணு. அவருக்கு யாரு கத்துக் குடுப்பா? நீ வரியா?" அந்தப் பெண் புகாரை மீண்டும் பதிவு செய்தார். அவரிடம் இருந்த ஒரே கருவி அதுதான்.

அந்த வருகைக்கு ஒரு பலன் இருந்தது. பழுது சொன்ன எங்களை அவர்களுடைய கணினி, புதிய இணைப்பு வாங்கக்கூடியவர்கள் என்று வகைப்படுத்திக்கொண்டது. சில நாட்களில் நிறுவனத்தின் சட்டையணிந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் காலையிலேயே வந்தார். லைனைச் சரிசெய்ய வந்தவர் என்று எண்ணிப் பெரியம்மா மகிழ்ச்சியுடன் பூட்டைத் திறந்து உள்ளே அழைத்தார். அவரோ பையிலிருந்து வண்ணத் தாள்களை எடுத்து, எந்தத் திட்டத்தில் எத்தனை சினிமா பார்க்கலாம் என்று விளக்கத் தொடங்கினார். ஆள் யாரென்று பெரியம்மாவுக்குப் புரிந்து, அவரைத் திட்டி வெளியே அனுப்ப எழுந்தபோது, கேட் அகலத் திறந்திருந்தது. வாசலில் பெரியப்பாவின் செருப்பு இல்லை.

பெரியம்மா என்னை அழைத்தார். ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போனேன். அவர் வழக்கமாக நிற்கும் வீடுகள், தேநீர்க் கடைகள், குரோம்பேட்டை ரயில் நிலையம், எல்லாம். காவல் நிலையத்தில் சொன்னேன். அவருடைய படத்தைக் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்காவது போய்த் தேடலாம் வாருங்கள் என்றதற்கு மறுத்தார். "எங்கேயோ யார்கிட்டயோ இந்த நம்பரத்தான் சொல்லிட்டு இருப்பாரு. நான் எப்படி எழுந்து வர்றது?" வேலை செய்யாது என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் சற்றைக்கொருதரம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, மெதுவாகத் திரும்ப வைத்தார்.

மாலை மங்கத் தொடங்கும்போது என் செல்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. கோவிலம்பாக்கத்தில் மீன் வாங்கப் போன ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நினைவு வைத்திருந்தார். பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பிரதான சாலையின் ஓரம், நீலத் தார்ப்பாயின் கீழ், கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண்மணியின் கடை. அவருடைய மணைப்பலகையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர்க் குவளை. தலையில் ஈரத்துணி. ஒரு காலில் செருப்பில்லை, பாதம் கொப்பளித்திருந்தது. பெரியம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, "சிஸ்டர், இந்த லைன் ரீடிங் முடிஞ்சுது," என்றார்.

மீன்காரப் பெண்மணி எழுந்து நின்றார். பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் வூட்டுக்காரம்மாவா? இன்னாமா நீ? காலையில இருந்து போன் போட்டுகினே கீறேன். மணி அடிச்சுகினே கீது. ஒரு வாட்டி எடுக்கக் கூடாதா?"

"அந்த போன்..." என்று நான் தொடங்கினேன். அவர் விடவில்லை.

"நீ சும்மா இரு பாப்பா. எதிர் வூட்டு மீட்டர் பொட்டியாண்ட நின்னுகினு, வெயில்ல தள்ளாடிகினு இருந்தாரு மனுசன். இன்னா சார்னு கேட்டா, பாட்டு மாதிரி நம்பர் சொல்றாரு. அவ்ளோ தெளிவா சொல்றாரு, அவரு பேர கேட்டா தெரியல. யாவாரத்த வுட்டுட்டு போட்டுப் பாக்குறேன், அடிக்குது, எடுக்க ஆளில்ல. கெயவன் தொலஞ்சா சரின்னு வுட்டுட்டீங்களோன்னு நெனச்சேன். இந்தக் காலத்துல அப்டி வுடுறவங்களும் கீறாங்க இல்ல? யாரும் வரலன்னா எங்க வூட்டுக்கே இட்டுகினு போயிடலாம்னு இருந்தேன்."

நான் பழுதைப் பற்றியும் புகார்களைப் பற்றியும் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "நீ சொல்றது சரியா இருக்கலாம் பாப்பா. ஆனா அடிச்சுது. என் காதால கேட்டேன்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப்போல் அன்று நெஞ்சில் ஈரத்தோடு நடந்துகொண்டவர் வேறு எவருமில்லை. அப்படிப்பட்டவர் வாயிலிருந்தே அந்தக் குற்றச்சாட்டு வந்தது. நிறுவனம் செய்த அநியாயங்களில் மிகக் கொடியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்: ஒரு நல்லவரின் கண்ணில் இன்னொரு நல்லவரைக் கயவராக்கியது. பெரியம்மா வாதாடவில்லை. அந்தப் பெண்மணியின் இரு கைகளையும், மீன் செதில் ஒட்டியிருந்த கைகளை, பிடித்துக்கொண்டு, "தப்புதாம்மா. நீ நல்லா இருக்கணும்," என்றார். திரும்பும் வழியில், ஆட்டோவில் பெரியப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக் கொப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாளே நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினேன். நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்கும் நகல் அனுப்பினேன். எவராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் என் நோக்கம். இழப்பீடு அல்ல. எங்கள் வீட்டில் நடந்தது, தனியாக வாழும் எந்த முதியவர் வீட்டிலும் நடக்கக்கூடியது. மூச்சுத்திணறி மருத்துவரை அழைப்பவர், மகனின் அழைப்புக்குக் காத்திருப்பவர் என்று எத்தனை பேருடைய புகார்கள் இப்படி அவர்களையே கேட்டு, அவர்களுடைய மௌனத்தையே சாட்சியாக்கி மூடப்பட்டிருக்கும்? மேலதிகாரிகளுக்கு எழுதியது வேலை செய்தது. ஒரு வாரத்துக்குள் களப்பணியாளர் ஒருவர் வந்தார். ஒப்பந்தத் தொழிலாளி. கேளம்பாக்கம் சாலையில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். நல்ல செய்தியோடுதான் வந்திருந்தார்.

"அக்கா, நம்பரு மாறாது. அதே நம்பர ஃபைபர்ல ஏத்தி இன்னிக்கே குடுத்துடறேன். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு, பழைய கம்ப்ளெயிண்ட் ஓபன்ல கீது. அத்த மூடுனாத்தான் சிஸ்டம் உள்ள வுடும். உங்க செல்லுக்கு ஓ.டி.பி. வரும், அத்த மட்டும் சொல்லுங்க."

தன் செல்பேசித் திரையை மறைக்காமல் காட்டினார். புகாரை மூடுவதற்கான காரணமாக அதில் முன்பே நிரப்பப்பட்டிருந்தது: பழுது எதுவும் இல்லை, அழைப்பு மணி சென்றது, வாடிக்கையாளர் எடுக்கவில்லை.

"கேபிள் அறுந்துதுன்னு போட முடியாதா?" என்று கேட்டேன்.

"போடலாம்க்கா. போட்டா எங்க கம்பெனி தோண்டுன கான்ட்ராக்டர கேக்கணும், அவன் வேல குடுத்த ஆபீசாண்ட கைய காட்டுவான், அவங்க இன்னொருத்தன காட்டுவாங்க. ஃபைல் சுத்திகினே கெடக்கும், லைன் வராது. நான் பொய் சொல்லச் சொல்லலக்கா. இத்தப் போட்டா இன்னிக்கு லைன் வரும், அவ்ளோதான்."

அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது அப்பட்டமான நடைமுறை உண்மை. என் செல்பேசியில் அந்த எண்கள் வந்து ஒளிர்ந்தன. நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால், ஆணையத்துக்கு நான் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் பொய்யாகிவிடும். தெருவில் அறுந்துகிடக்கும் மற்ற இணைப்புகள் அறுபடவேயில்லை என்றாகிவிடும். அதைவிட, பெரியப்பா கோவிலம்பாக்கத்து வெயிலில் தள்ளாடிய அந்த நாளில் இந்த வீட்டில் மணி அடித்தது, மனைவி எடுக்கவில்லை என்பது எங்கள் வாயாலேயே உறுதியாகிவிடும். இதையெல்லாம் பெரியம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கேட்டைப் பிடித்தபடி, பால் பாக்கெட்டுடன் போன யாரிடமோ எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடு," என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, சொன்னா நீங்க எடுக்கலன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. வார்டுல எத்தன டாக்டரோட தப்பு சிஸ்டர் பேர்ல எழுதியிருக்கு தெரியுமா உனக்கு? நாங்கெல்லாம் சண்டை போட்டுட்டா இருந்தோம்? பேஷண்ட் எழுந்து நடந்தாப் போதும்டி."

சொன்னேன். களப்பணியாளர் அழுத்தினார். எங்கள் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்று மாலைக்குள் இணைப்பும் வந்துவிட்டது. பெரியம்மா ரிசீவரை எடுத்துக் கேட்டார், தலையாட்டினார், வைத்தார். மறுநாள் காலை உணவு முடிந்ததும் கேட்டின் பூட்டைக் கழற்றினார். பெரியப்பா திறந்த கேட்டைச் சற்று நேரம் நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவில் இறங்கி, இடமா வலமா என்று யோசித்து, வலப்பக்கம் நடந்தார். மதியத்துக்குள் மணி அடித்தது. உண்மையிலேயே, வீட்டுக்குள், சுவர்கள் கேட்க அடித்தது. பெரியம்மா எடுத்து, "ஆமா தம்பி, எங்க வீட்டு ஆளுதான்," என்றார். அதன்பின் உடல் இடம் கொடுத்தவரை அவர் நடந்தார். நடக்க முடியாமல் போன சில வாரங்களில், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, படுக்கையிலேயே காலமானார்.

ஆணையம் என் மனுவைத் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் பதில் மிக நாகரிகமாக இருந்தது. தங்கள் பதிவுகளின்படி குறிப்பிட்ட நாட்களில் இணைப்பில் எந்தப் பழுதும் இல்லை என்றும், அழைப்பு மணி முறையாகச் சென்றிருக்கிறது என்றும், இதை வாடிக்கையாளரே ஒப்புதல் எண் வழங்கி உறுதி செய்துள்ளார் என்றும் அதில் கண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் சரியானதுதான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொய் சொல்லும் மனிதரை எதிர்கொள்ளலாம், நேருக்கு நேர் நின்று மறுக்கலாம். இங்கே பொய் சொன்னவர் என்று யாருமே இல்லை. கவுண்டர்ப் பெண் இல்லை, களப்பணியாளர் இல்லை, மீன்காரப் பெண்மணி இல்லை. கையெழுத்தில்லாத ஒரு பொய், எல்லோருடைய நேர்மையையும் கடன் வாங்கிக்கொண்டு உண்மையாகிவிட்டது. அதற்குக் கடைசிக் கடனைக் கொடுத்தது நாங்கள்.

பெரியம்மா இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். எண்ணைத் துண்டிக்கவில்லை. இந்த விஷயத்தை நான் எடுத்தாலே, "விடுடி, அவர் நடந்துட்டார் இல்ல," என்று பேச்சை மாற்றிவிடுவார். விட்டுவிடும் பெருந்தன்மை அவருக்கு உரியது. எனக்கு அது வரவில்லை, வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. எங்கோ ஒரு கணினியில் அவருடைய பெயருக்கு எதிரே ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு வேறு இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன். அன்று அந்த வீட்டில் மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால், முதல் மணி முடிவதற்குள் எடுக்கும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.